ஒரு பெருங்கடல், இரண்டு பருவங்கள்: கொச்சியில் உருவான மிதவையுயிரிப் படத்தொகுதி

கொச்சிக் காயலில் உள்ள வல்லார்பாடத்தில் 2011ஆம் ஆண்டு பன்னாட்டுச் சரக்குப்பெட்டக முனையம் திறக்கப்பட்டது. பெட்டகத்தின் உள்ளே எது இருந்தாலும் வெளியளவு ஒன்றே. அதனால்தான் எந்த நாட்டுச் சரக்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவும் எண்ணவும் முடிகிறது. இதற்கு அரை நூற்றாண்டு முன்னர், இதே துறைமுக நகரத்துக்கு வேறொரு வகைச் சரக்கு வந்து குவிந்தது. பல நாட்டுக் கப்பல்கள் இந்தியப் பெருங்கடலெங்கும் சேகரித்து, ஃபார்மலினில் இட்டு அனுப்பிய விலங்கு மிதவையுயிரி மாதிரிகள் அவை. பல பண்புகளைக் கொண்ட பெருந்தரவு ஒன்றை வரைபடமாக்கும் பணி, மேசைக் கணினி இல்லாத காலத்தில் எவ்வாறு நடந்தது என்பதை அந்தக் குப்பிகளின் வரலாறு காட்டுகிறது.

1959 முதல் 1965 வரை நடைபெற்ற பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தில் பத்துக்கும் மேற்பட்ட நாடுகளின் நாற்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் பங்கேற்றன. சோவியத் நாட்டின் 'வித்யாஸ்', பிரிட்டனின் 'டிஸ்கவரி', ஜெர்மனியின் 'மெட்டியோர்', அமெரிக்காவின் 'ஆன்டன் புரூன்', இந்தியாவின் 'கிஸ்ட்னா', 'வருணா' ஆகியவை அவற்றுள் சில. ஒவ்வொரு நாடும் தன் மாதிரிகளைத் தன் ஊருக்கே கொண்டுசென்று, தன் முறைப்படி எண்ணியிருந்தால், கிடைத்த எண்களை ஒரே படத்தில் இடுவது இயலாததாகியிருக்கும். ஆகவே யுனெஸ்கோவின் துணையுடன் 1962இல் கொச்சியில் இந்தியப் பெருங்கடல் உயிரியல் மையம் நிறுவப்பட்டது. கடல் உயிரியலாளர் என். கே. பணிக்கரின் தலைமையில் இந்திய இளம் ஆய்வாளர்கள் அங்கே பயிற்சி பெற்று, மாதிரிகளை வகை பிரிக்கும் பணியில் ஈடுபட்டனர்.

தரவின் ஒழுங்கு கடலிலேயே தொடங்கியது. 'இந்தியப் பெருங்கடல் தரவலை' என்னும் ஒரே வகை வலையைக் கப்பல்கள் பயன்படுத்த வேண்டுமென முடிவாயிற்று. அதன் வாய்ப்பரப்பு 1 சதுர மீட்டர். கண்ணளவு ஏறத்தாழ 0.33 மில்லிமீட்டர். 200 மீட்டர் ஆழத்திலிருந்து நீர்மட்டம் வரை அதைச் செங்குத்தாக இழுக்க வேண்டும். வல்லார்பாடத்துப் பெட்டகம் இன்று செய்யும் வேலையை அன்று இந்த வலை செய்தது. இப்படி வந்த ஏறத்தாழ 2,000 மாதிரிகளில் ஒவ்வொன்றின் கன அளவும் நீரை இடம்பெயர்க்கும் முறையில் அளக்கப்பட்டது. பின்னர் ஒரு பகுதி மாதிரி நுண்ணோக்கியின் கீழ் வைக்கப்பட்டு, துடுப்புக்காலிகள், அம்புப்புழுக்கள், இறால் இனங்களின் இளவுயிரிகள், மீன் முட்டைகள், மீன் குஞ்சுகள் எனப் பல தொகுதிகளாகப் பிரித்து எண்ணப்பட்டது. கையும் கண்ணும் பொறுமையுமே அன்றைய தரவுச் செயலாக்கம்.

இதன் விளைவாக ஒவ்வொரு மாதிரிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, நாள், பகலா இரவா என்ற குறிப்பு, மொத்தக் கன அளவு, பல விலங்குத் தொகுதிகளின் எண்ணிக்கை என நீண்டதொரு வரிசை உருவானது. தாளோ இரண்டு பரிமாணம் உடையது. அவ்விரண்டையும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் எடுத்துக்கொண்டுவிட்டன. எஞ்சிய பண்புகளை என்ன செய்வது? மையம் தேர்ந்த வழி எளியது: ஒரு படத்தில் ஒரு விலங்குத் தொகுதி, அதன் மிகுதியும் குறைவும் குறியீடுகளால் காட்டப்படும், காலம் இரண்டாகப் பகுக்கப்படும். 1968 முதல் 1973 வரை பகுதி பகுதியாக வெளிவந்த மிதவையுயிரிப் படத்தொகுதி இவ்வாறே அமைந்தது. அரபிக்கடல், வங்காள விரிகுடா ஆகியவற்றின் மொத்த உயிர்த்திணிவைக் காட்டும் படங்கள் முதலில் வந்தன.

ஒரே தாளில் எல்லாவற்றையும் திணிக்காமல், ஒரே சட்டகத்தில் பல படங்களை அடுத்தடுத்து வைத்து வாசகரின் கண்ணையே ஒப்பிடச் செய்யும் இம்முறை இன்றைய காட்சிப்படுத்தல் பாடங்களிலும் முதன்மையானது. கடலியலில் இதற்கு மாற்றான வழியும் இருந்தது. நார்வே நாட்டு ஹெலண்ட்-ஹேன்சன் 1916இல் முன்வைத்த வரைபடத்தில் ஓர் அச்சு வெப்பநிலை, மற்றோர் அச்சு உவர்ப்புத்தன்மை. இடம் மறைந்துபோகும், ஆனால் ஒரே மூலத்தைச் சேர்ந்த நீர்த்திரள்கள் ஒன்றாகத் திரண்டு தெரியும். எந்தப் பண்புக்கு அச்சைத் தருவது, எதை விட்டுக்கொடுப்பது என்பதே இரு வழிகளுக்கும் பொதுவான வினா.

கொச்சிப் படத்தொகுதி விட்டுக்கொடுத்தது காலத்தை. ஏப்ரல் 16 முதல் அக்டோபர் 15 வரை தென்மேற்குப் பருவம்; அக்டோபர் 16 முதல் ஏப்ரல் 15 வரை வடகிழக்குப் பருவம். இப்பகுப்பு தன்னிச்சையானதன்று. மாதவாரியாகப் பிரித்திருந்தால் கடலின் பெரும்பகுதி ஒவ்வொரு படத்திலும் வெறுமையாகவே கிடந்திருக்கும். ஆயினும் அதற்கு ஒரு விலை இருந்தது. மழைக்கு முந்தைய ஏப்ரல், மே மாதப் புழுக்கமும் ஜூலையின் கொந்தளிப்பும் ஒரே பக்கத்தில் அடங்கின. ஜனவரிக் குளிரும் மார்ச் மாத அமைதியும் மற்றொரு பக்கத்தில் கலந்தன.

அவ்விலையின் அளவு 1990களில் தெரிந்தது. கடலின் கரியமிலச் சுழற்சியை ஆராய்ந்த பன்னாட்டுத் திட்டத்தில் இந்திய ஆய்வாளர்கள் அரபிக்கடலைப் பருவந்தோறும் தனித்தனியே அளந்தனர். தேசியக் கடலியல் நிறுவனத்தின் எம். மதுபிரதாப்பும் உடன்பணியாற்றியோரும் 1996இல் 'நேச்சர்' இதழில் ஒரு விளக்கத்தை வெளியிட்டனர். குளிர்காலத்தில் வடகிழக்கு அரபிக்கடலின் மேல்நீர், நிலத்திலிருந்து வீசும் வறண்ட குளிர்காற்றால் குளிர்ந்து, அடர்ந்து, கீழிறங்குகிறது. அக்கலப்பில் அடியிலுள்ள ஊட்டச்சத்து மேலே வருகிறது. தாவர மிதவையுயிரிகள் செழிக்கின்றன. கோடைப் பருவக்காற்று மட்டுமே இக்கடலை வளமாக்குகிறது என்ற எண்ணம் இதனால் திருந்தியது. விலங்கு மிதவையுயிரிகளின் உயிர்த்திணிவு மேல்அடுக்கில் பருவத்துக்குப் பருவம் பெரிதும் மாறுவதில்லை என்பதும் அவர்களது முடிவுகளுள் ஒன்று. ஆறு மாதச் சராசரியில் இக்குளிர்காலக் கதைக்குத் தனிப்பக்கம் கிடைத்திருக்க வழியே இல்லை.

இதைப் படத்தொகுதியின் பிழை என்று சொல்வது நியாயமாகாது. வரைந்தவர்கள் தங்கள் பகுப்பை மறைக்கவில்லை. பருவ எல்லை எந்த நாளில் தொடங்குகிறது என்பதை வெளிப்படையாகவே வைத்தனர். அதனால்தான் பின்வந்தவர்களால் படம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்ல இயலாது என்று பிரித்தறிய முடிகிறது. அதைவிட முக்கியமானது மற்றொன்று: படம் வரைந்தபின் குப்பிகளைக் கொட்டிவிடவில்லை. 1966 ஜனவரி 1 அன்று தேசியக் கடலியல் நிறுவனம் தோன்றியபோது மையம் அதன் அங்கமாயிற்று; தரம்பிரித்த உயிரிகளின் தொகுப்பும் அதன் கொச்சி மண்டல மையத்தின் பொறுப்பானது.

இன்று ஆயிரக்கணக்கான வரிசைகளையும் பத்துப் பன்னிரண்டு பண்புகளையும் நொடியில் வண்ணப்படமாக்க மென்பொருள்கள் உள்ளன. ஆனால் எந்த வலை, எந்த ஆழம், எந்தப் பருவ எல்லை என்ற முடிவுகளை எந்த மென்பொருளும் தானாக எடுப்பதில்லை; அவை படத்துக்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகின்றன. ஆய்வேட்டில் ஒரு வரைபடத்தைச் சேர்க்கும் மாணவர், அதன் கீழே தம் பகுப்பை எழுதிவைத்தாரா, மூலத்தரவைப் பத்திரப்படுத்தினாரா என்பதைப் பொறுத்தே அடுத்த தலைமுறை அந்தப் படத்தைத் திருத்தி வரைய முடியும். கொச்சியில் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து எண்ணியவர்கள் அவ்வாய்ப்பைத் தமக்குப் பின்வந்தவர்களுக்கு விட்டுச்சென்றனர்.