அமெரிக்க மாநிலங்களிடையே சிறைவாச, கண்காணிப்பு விகித வேறுபாடுகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குற்றவியல் சட்டங்களில் பெரும்பாலானவற்றை இயற்றுவதும் அவற்றின்படி தண்டிப்பதும் மாநிலங்களே. அதனால் ஒரே நாட்டுக்குள் சிறைவாச விகிதம் மாநிலத்துக்கு மாநிலம் பன்மடங்கு வேறுபடுகிறது. 2022 இறுதியில், ஓராண்டுக்கு மேற்பட்ட தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தவர்கள் தேசிய அளவில் 1,00,000 பேருக்கு 355 பேர். மிசிசிப்பி, லூசியானா, ஆர்கன்சா, ஒக்லஹோமா ஆகியவற்றில் இந்த எண் 500-ஐத் தாண்டியது. மசாசுசெட்ஸ், மேய்ன் மாநிலங்களில் 150-ஐக்கூட எட்டவில்லை.

அளவிடும் முறை

திருத்த அமைப்பின் பிடியில் இருப்போர் நான்கு வகைப்படுவர்: மாநில, கூட்டரசுச் சிறைகளில் இருப்போர், விசாரணைக் கைதிகளும் குறுகிய காலத் தண்டனை பெற்றோரும் அடைக்கப்படும் உள்ளூர்ச் சிறைகளில் இருப்போர், சிறைக்குப் பதிலாக நன்னடத்தைக் கண்காணிப்பில் விடப்பட்டோர், தண்டனைக் காலம் முடியுமுன் பரோலில் வந்தோர். 2022-இல் இவர்கள் மொத்தம் சுமார் 54 லட்சம் பேர். அவர்களில் பெரும்பான்மையோர் சிறைக்கு வெளியே கண்காணிப்பில் இருந்தவர்களே. அலாஸ்கா, கனெக்டிகட், டெலவேர், ஹவாய், ரோட் ஐலண்ட், வெர்மான்ட் ஆகிய ஆறு மாநிலங்களில் உள்ளூர்ச் சிறையும் மாநிலச் சிறையும் ஒரே நிர்வாகத்தில் உள்ளன. அவற்றின் எண்ணிக்கையைப் பிற மாநிலங்களோடு நேராக ஒப்பிட இயலாது.

தென்மாநிலங்கள்

சிறைவாச விகிதப் பட்டியலின் மேல்வரிசையில் தென்மாநிலங்களே மிகுதி. நீண்ட காலம் முதலிடத்தில் இருந்த லூசியானாவில் ஆயுள் தண்டனைக்குப் பரோல் கிடையாது. பன்னிரண்டு ஜூரிகளில் பத்துப் பேர் ஒப்பினாலே கடுங்குற்ற வழக்குகளில் ஒருவரைக் குற்றவாளி என்று தீர்க்க முடிந்தது. 2018-இல் வாக்காளர்கள் அந்த விதியை நீக்கினர். 2020-இல் உச்ச நீதிமன்றமும் அது அரசமைப்புக்கு முரணானது என்றது. மாநிலக் கைதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரை ஷெரீப்கள் நடத்தும் உள்ளூர்ச் சிறைகளில் வைத்து, ஆளுக்கு இவ்வளவு என்று அரசு நாட்கட்டணம் தருகிறது. கைதிகள் குறைந்தால் அந்த வருவாயும் குறையும். பழைய அடிமைத் தோட்ட நிலத்தில் சுமார் 18,000 ஏக்கரில் பரந்துள்ள அங்கோலா சிறை இம்மாநிலத்தில்தான் உள்ளது.

சிறை குறைவு, கண்காணிப்பு மிகுதி

கண்காணிப்பையும் சேர்த்து எண்ணினால் வரிசை மாறிவிடுகிறது. பியூ மாநிலங்கள் மையம் (Pew Center on the States) 2009-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நாட்டில் வயதுவந்தோரில் 31 பேருக்கு ஒருவர் ஏதேனும் ஒருவகைத் திருத்தக் கட்டுப்பாட்டில் இருந்தார். ஜார்ஜியாவில் அது 13 பேருக்கு ஒருவர். ஐடஹோ, டெக்சாஸ், மசாசுசெட்ஸ், ஒஹாயோ ஆகியவையும் முன்வரிசையில் இருந்தன. சிறைவாசத்தில் கடைசி வரிசையில் நிற்கும் மசாசுசெட்ஸ், மொத்தக் கணக்கில் மேலே வந்தது. ஜார்ஜியாவில் போக்குவரத்து விதிமீறல் போன்ற சிறு குற்றங்களுக்கான அபராதத்தை உடனே கட்ட முடியாதவர்களும் நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கப்படுகின்றனர். இதை நடத்தும் தனியார் நிறுவனங்கள் அவர்களிடமே மாதக் கட்டணம் வாங்குகின்றன. மினசோட்டாவிலும் சிறைவாசம் குறைவு, நன்னடத்தைக் கண்காணிப்பு மிகுதி. அங்கு 1980-இல் நடைமுறைக்கு வந்த தண்டனை வழிகாட்டு நெறிகள், சிறைகளின் கொள்ளளவையும் கருத்தில் கொண்டு வகுக்கப்பட்டவை.

காரணங்கள்

குற்ற அளவு மட்டுமே இந்த வேறுபாட்டை விளக்கிவிடுவதில்லை. எந்தச் செயலைக் கடுங்குற்றமாக வகைப்படுத்துவது, தண்டனைக் காலம் எவ்வளவு, பரோல் உண்டா, கண்காணிப்பு விதியை மீறினால் மீண்டும் சிறையா என்பனவும் விகிதத்தைத் தீர்மானிக்கின்றன. மேய்ன் 1976-இலேயே பரோலை ஒழித்தது. ஆனால் அதன் சிறைவாச விகிதம் இன்றும் குறைவு. ஆகவே தனியொரு விதியைக் கொண்டு ஒரு மாநிலத்தின் நிலையைக் கணிக்க முடியாது.

இன வேறுபாடு

குறைந்த விகிதம் சமத்துவத்துக்குச் சான்றாகாது. 2021-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, தேசிய அளவில் கறுப்பினத்தவர் வெள்ளையரைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு விகிதத்தில் சிறையில் இருந்தனர். மேய்ன், மினசோட்டா உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் இந்த இடைவெளி ஒன்பது மடங்கைத் தாண்டியது. கறுப்பினத்தவரின் சிறைவாச விகிதம் மிக உயர்ந்திருந்தது விஸ்கான்சினில்.

மாற்றங்கள்

1970-களின் தொடக்கம் வரை தேசிய விகிதம் 1,00,000-க்கு 100 என்ற அளவை ஒட்டியே இருந்தது. பின் பல பத்தாண்டுகள் ஏறி, 2008-க்குப் பிறகு இறங்கத் தொடங்கியது. கலிபோர்னியா சிறைகளின் நெரிசலைக் குறைக்குமாறு 2011-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதை அடுத்து, சிறிய கடுங்குற்றங்களுக்கான தண்டனையை மாநிலம் மாவட்டங்களின் பொறுப்பில் விட்டது. 1999-இல் சுமார் 72,000 கைதிகள் இருந்த நியூயார்க் மாநிலச் சிறைகளில் 2022-இல் பாதிக்கும் குறைவானவர்களே இருந்தனர். ஒக்லஹோமா 2016 வாக்கெடுப்பின் வழியே சொந்தப் பயன்பாட்டுக்குப் போதைப்பொருள் வைத்திருப்பதைச் சிறு குற்றமாக்கியது. 2017-இல் தண்டனைகளைத் தளர்த்திய லூசியானா, 2024 ஆகஸ்ட் முதல் நிகழும் குற்றங்களுக்குப் பெரும்பாலும் பரோலை நீக்கிவிட்டது.