அலி – எல்லிஸ்: மெட்ராஸில் ஜெயித்தது யார்?

திருவொற்றியூரில் எங்கள் தெருமுனை டீக்கடையில் ஒரு வழக்கு பல வருஷமாகத் தீர்ப்பில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓய்வு பெற்ற ரெண்டு குத்துச்சண்டைக்காரர்கள், ரெண்டு பேரும் நல்ல ஃபார்மில் இருந்தபோது ஒரே ரிங்கில் ஏறியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்? ஆட்கள் மாறுவார்கள், கேள்வி மாறாது. ஒரு நாள் சார்பட்டா பரம்பரைக்காரர் ஒருவரும் இடியப்ப நாயக்கர் பரம்பரைக்காரர் ஒருவரும். இன்னொரு நாள் முகமது அலியும் மைக் டைசனும். 2021-ல் ‘சார்பட்டா பரம்பரை’ படம் வந்ததிலிருந்து, அதுவரை குத்துச்சண்டை பற்றி வாயே திறக்காதவர்களும் வாதத்தில் சேர்ந்துவிட்டார்கள்.

இந்த வழக்கில் என் பெரியப்பாதான் சீனியர் வக்கீல். ஹார்பரில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். எதிராளி மடக்கும்போதெல்லாம் அவர் எடுத்து வீசும் அஸ்திரம் ஒன்று உண்டு: “நான் அலியையே நேர்ல பாத்தவன்டா.” உண்மைதான். 1980 தொடக்கத்தில் முகமது அலி மெட்ராஸ் வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் ஒரு காட்சிப் போட்டியில் ஆடினார். அப்போது முதல்வராக இருந்த எம்.ஜி.ஆருடன் அலி நிற்கும் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

போன மாதம் பெரியப்பா என்னிடம், “நீதான் கம்ப்யூட்டர்காரனாச்சே, யாரு ஜெயிப்பான்னு அதுல போட்டுப் பாத்து சொல்லேன்” என்றார். இதை ஏற்கெனவே ஒருத்தர் செய்து பார்த்திருக்கிறார் என்று அவரிடம் சொன்னேன். அதைப் படிக்கப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது.

1960-களின் கடைசியில் அமெரிக்காவில் மர்ரி வொரோனர் என்ற ரேடியோ தயாரிப்பாளருக்கு இதே டீக்கடைக் கேள்வி தோன்றியது. பழைய ஹெவிவெயிட் சாம்பியன்களின் போட்டி விவரங்களை என்.சி.ஆர். 315 என்ற கம்ப்யூட்டரில் ஏற்றி, வந்த விடையை நேரடி வர்ணனை மாதிரி ரேடியோவில் ஒலிபரப்பினார். கடைசியில் கோப்பை ராக்கி மார்சியானோவுக்குப் போனது. ஜிம் ஜெஃப்ரீஸிடம் தோற்றதாகச் சொல்லப்பட்ட அலிக்கு வந்தது கோபம். தன் பெயரைக் கெடுத்துவிட்டதாக 10 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் அலியிடமிருந்து பட்டமும் லைசென்ஸும் பறிக்கப்பட்டிருந்த காலம் அது. கடைசியில் 9,999 டாலருக்குச் சமாதானம் ஆகி, வொரோனரின் அடுத்த திட்டத்தில் நடிக்க ஒப்புக்கொண்டார். அந்தத் திட்டம்: அலி எதிர் மார்சியானோ, இந்த முறை படமாக.

மார்சியானோ 49 போட்டிகளில் 49-லும் ஜெயித்து, 1956-ல் ஓய்வு பெற்றவர். 1969-ல் அவருக்கு 45 வயது. எடையைக் குறைத்து, தலைக்கு விக் வைத்துக்கொண்டு வந்தார். மியாமியில் ஒரு ஸ்டுடியோவில் இருவரும் ஒவ்வொரு நிமிட ரவுண்டாக ஆட, பல முடிவுகளையும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். படம் வெளிவருவதற்கு முன்பே, 1969 ஆகஸ்ட் 31-ல், மார்சியானோ விமான விபத்தில் இறந்துபோனார். 1970 ஜனவரி 20-ல் அமெரிக்கத் தியேட்டர்களில் படம் ஓடியது. 13-வது ரவுண்டில் மார்சியானோ நாக்-அவுட் செய்து ஜெயித்தார். ஐரோப்பாவில் காட்டிய இன்னொரு பதிப்பில் ஜெயித்தது அலி!

சாஃப்ட்வேர் ஆளாக எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. உள்ளே என்ன போடுகிறோமோ அதுதான் வெளியே வரும். ஆனால் ஒன்று உறுத்தியது. கம்ப்யூட்டராகட்டும் டீக்கடையாகட்டும், இந்த மாதிரிக் கணக்குகள் எல்லாம் ஒருவருடைய உச்ச வயதை எடுத்து, அதை அப்படியே உறைய வைத்துவிடுகின்றன. எத்தனை அடி கொடுத்தார் என்பது கணக்கில் வரும். வாங்கிய அடியெல்லாம் உடம்புக்குள் எங்கே போய்ச் சேர்ந்தது என்பது வராது.

இப்போது மெட்ராஸுக்கு வருவோம். அலி – எல்லிஸ் ஜோடிக்கு ஊகமே தேவையில்லை, நிஜக் கணக்கே இருக்கிறது. இருவரும் லூயிவில் ஊர்க்காரர்கள், சின்ன வயதிலிருந்து நண்பர்கள். அமெச்சூர் காலத்தில் ரெண்டு முறை மோதி ஆளுக்கு ஒன்று ஜெயித்தார்கள். எல்லிஸ் நெடுங்காலம் அலிக்குப் பயிற்சியில் எதிராளியாக நின்றவர். அலியின் பட்டம் பறிபோனபின் நடந்த போட்டித்தொடரில் ஜெயித்து, 1968-ல் டபிள்யூ.பி.ஏ. ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். 1971 ஜூலை 26-ல் ஹூஸ்டனில் இருவரும் தொழில்முறையில் மோதினார்கள். இருவருக்கும் ஒரே பயிற்சியாளர், ஏஞ்சலோ டண்டீ. அன்றைக்கு அவர் நின்றது எல்லிஸின் கார்னரில். 12-வது ரவுண்டில் ரெஃப்ரி போட்டியை நிறுத்த, அலி ஜெயித்தார். கண்ணில் பட்ட காயத்தால் எல்லிஸ் 1975-ல் ஓய்வு பெற்றார். அலி ஓய்வை அறிவித்தது 1979-ல்.

ஆக, 1980-ல் நேரு ஸ்டேடியத்தில் ரிங் ஏறியவர்கள் ஓய்வு பெற்ற ரெண்டு முன்னாள் உலக சாம்பியன்கள். டீக்கடைக் கேள்வியே உயிரோடு எழுந்து வந்து நின்ற மாதிரி. பெரியப்பாவிடம் எப்படி இருந்தது என்று கேட்டால் இன்றைக்கும் முகம் சுருங்கும். “இன்னாத்த சொல்றது? ரெண்டு பேரும் அடிச்சிக்கவே இல்லடா. சும்மா தொட்டுத் தொட்டு வெளயாடிட்டுப் போய்ட்டாங்க. நாங்க திட்டிக்கினே வூட்டுக்கு வந்தோம்.”

காட்சிப் போட்டி என்றால் அப்படித்தான். வெற்றி தோல்வி கிடையாது. ஆனால் வட சென்னைக்காரனுக்கு அது ஏமாற்றமாக இருந்ததில் தப்பில்லை. ஆங்கிலோ இந்தியரான டெர்ரியை கித்தேரி முத்து வீழ்த்திய கதையைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. ரோசம் இல்லாத சண்டையை இங்கே யாரும் சண்டை என்று ஒத்துக்கொள்வதில்லை.

அன்றைக்குக் கணித்திருக்க வேண்டியது வேறொன்று: இந்த மனிதர் திரும்ப நிஜச் சண்டைக்குப் போனால் என்ன ஆகும்? அதற்கான தரவு அப்போதே இருந்தது. 1977-ல் எர்னி ஷேவர்ஸுடன் நடந்த போட்டிக்குப் பிறகு, அலியின் டாக்டர் ஃபெர்டி பச்சேகோ அவருடைய சிறுநீரகப் பரிசோதனை அறிக்கையை அலிக்கும் சுற்றியிருந்தவர்களுக்கும் அனுப்பினார். பதில் வராததால் விலகிக்கொண்டார். 1980 ஜூலையில் மேயோ கிளினிக் பரிசோதனையில், ஒற்றைக் காலில் குதிப்பதில் சிரமம், பேச்சில் லேசான தடுமாற்றம் என்று குறித்திருந்தார்கள். இருந்தும் நெவாடா மாநிலம் லைசென்ஸ் கொடுத்தது.

1980 அக்டோபர் 2. லாஸ் வேகாஸ். எதிரே லாரி ஹோம்ஸ், ஒரு காலத்தில் அலியிடமே பயிற்சிக்கு நின்ற ஆள். அலிக்கு 38 வயது. எல்லா நடுவர்களும் எல்லா ரவுண்டையும் ஹோம்ஸுக்கே கொடுத்தார்கள். 10-வது ரவுண்டு முடிந்ததும் டண்டீ “போதும்” என்று நிறுத்தினார். அடுத்த வருஷம் ட்ரெவர் பெர்பிக்கிடமும் ஒரு தோல்வி. 1984-ல் அலிக்கு பார்கின்சன் அறிகுறிகள் இருப்பது வெளியே தெரிந்தது. எல்லிஸையும் விடவில்லை. அவர் கடைசிக் காலத்தில் மறதி நோயோடு வாழ்ந்து 2014-ல் இறந்தார். அலி 2016-ல்.

மெட்ராஸ் போட்டிக்கும் லாஸ் வேகாஸுக்கும் நடுவில் சுமார் 8 மாதம்தான். இதையெல்லாம் பெரியப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் டீ கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

“அப்ப அன்னிக்கு இங்க ஒருத்தர ஒருத்தர் அடிக்காம வுட்டதுதான் நல்லதுன்ற.”

“ஆமா பெரியப்பா.”

“அதுக்கா திட்டிக்கினு வந்தோம்...” என்று இழுத்தவர், காசைக் கொடுத்துவிட்டு எழுந்தார். ரெண்டடி போய்த் திரும்பி, “சரி, அன்னிக்கு எல்லிஸுக்குப் பதிலா டைசன் வந்திருந்தா?” என்றார்.