திராட்சைக் கொடி சொல்லும் வானிலை வரலாறு



விடியற்காலையில் பெரட்டுக்குப் புறப்படும் தோட்டப் பாட்டாளி முதலில் அண்ணாந்து பார்ப்பது வானத்தைத்தான். இரவு மழையில் பால்மரத்தின் பட்டை நனைந்திருந்தால் மரம் வெட்ட முடியாது. வெட்டி முடித்த பிறகு மழை கொட்டினால் மங்கில் சேர்ந்த பால் தண்ணீரோடு போய்விடும். வானத்துக்கும் கூலிக்கும் உள்ள உறவை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடல் கடந்து, பிரான்சு நாட்டிலே, இதே உறவு அறுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஏட்டில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அந்த ஏட்டை எழுதச் செய்தது திராட்சைக் கொடி. அதன் வரலாற்றைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம். திராட்சையிலிருந்து செய்வது வைன் என்னும் மது. குடியின் கேட்டைத் தோட்டப்புறத்தில் கண்ணாரக் கண்டவர்கள் நாம். ஆகவே, குடியின் பெருமை பேச நாம் இங்கு வரவில்லை. ஒரு பயிர் எப்படி ஒரு நாட்டின் வானிலைக்குச் சாட்சியாக நின்றது என்பதே நமது பேச்சு.

முதலில் அந்தக் கொடியின் ஓராண்டு வாழ்வைப் பார்ப்போம். பிரான்சின் கிழக்குப் பகுதியில் பர்கண்டி என்ற வட்டாரம் உண்டு. அங்கே குளிர்காலத்தில் கொடி இலையில்லாமல் கட்டையாக நிற்கும். ஏப்ரல் மாத வாக்கில் அது துளிர் விடும். ஜூன் மாதத்தையொட்டிப் பூக்கும். பூத்ததிலிருந்து ஏறத்தாழ நூறு நாளில் பழம் பறிப்புக்கு வந்துவிடும். இந்த ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் ஆபத்து காத்திருக்கிறது. துளிர் விடும்போது ஒரே ஓர் இரவு உறைபனி விழுந்தாலும் இளந்துளிர் கருகிப் போகும். பூக்கும்போது குளிரும் மழையும் சேர்ந்தால் பூ உதிர்ந்து, பிஞ்சு பிடிக்காது. கோடையில் ஆலங்கட்டி மழை பெய்தால் சில நிமிடங்களில் ஓராண்டு உழைப்பு தரையில் சிதறிக் கிடக்கும். பழுக்கும்போது அடைமழை பிடித்தால் பழம் நீர் கோத்துச் சுவையிழக்கும். பூஞ்சணம் பூத்து அழுகும்.

வெயில் என்ன செய்கிறது? பழத்தில் இனிப்பை ஏற்றுகிறது, புளிப்பை இறக்குகிறது. இனிப்பும் புளிப்பும் ஒன்றுக்கொன்று நிகராக நிற்கும் நேரமே பறிக்கும் நேரம். வெயில் குறைந்த ஆண்டில் பழம் புளித்த நிலையிலேயே நின்றுவிடும். வெயில் மிஞ்சிய ஆண்டில் புளிப்பு அளவுக்கு மேல் இறங்கி, சாறு சப்பென்று போய்விடும். ஓரளவு வறட்சி இருந்தால் பழம் சிறுத்து, தோலும் சாறும் கனக்கும். அப்படிப்பட்ட ஆண்டின் வைன் நெடுநாள் கெடாமல் நிற்கும். இதனால்தான் வைன் புட்டியின் மேல் பழம் பறித்த ஆண்டை அச்சிடுகிறார்கள். ஒரே தோட்டம், ஒரே கொடி, ஒரே கைப்பக்குவம். ஆனாலும் ஆண்டுக்கு ஆண்டு சுவையும் விலையும் மாறும். புட்டியில் உள்ள அந்த எண், அந்த ஆண்டின் வானம் போட்ட கையெழுத்து.

இனி ஏட்டுக்கு வருவோம். பர்கண்டியில் போன் என்று ஒரு சிறு நகரம் இருக்கிறது. அந்தக் காலத்தில் அவரவர் விருப்பப்படி பழம் பறிக்க முடியாது. நாட்டாண்மைக்காரர்கள் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்துப் பழம் பக்குவமா என்று ஆராய்ந்து, இன்ன நாளில் பறிப்புத் தொடங்கலாம் என்று அறிவிப்பார்கள். அதற்கு முன் பறித்தால் தண்டனை. காய்வெட்டாகப் பறித்து ஊரின் பெயரைக் கெடுக்கக்கூடாது என்பது ஒரு காரணம். திருட்டைத் தடுக்கவும், தேவாலயத்துக்கு உரிய பங்கைச் சரியாக வாங்கவும் அது உதவியது. அந்த நாள் பதிவேட்டில் ஏறியது.

மற்றொரு பதிவும் உண்டு. பழம் பறித்தவர்களுக்குக் கொடுத்த கூலிக் கணக்குதான் அது. எந்த நாளில் எத்தனை பேருக்கு எவ்வளவு கூலி என்று கணக்கப்பிள்ளை எழுதி வைத்தார். நம் தோட்டத்துக் கிராணி செக்ரோலில் பெயர் போட்டதைப் போன்ற வேலைதான். கூலி கொடுத்த முதல் நாளே பறிப்புத் தொடங்கிய நாள் அல்லவா?

1880களில் அல்பிரெட் ஆங்கோ என்னும் பிரெஞ்சு வானிலை அறிஞர் பல ஊர்களின் பறிப்பு நாட்களைத் திரட்டினார். 1967இல் எம்மானுவேல் லெ ரோய் லாதூரி என்னும் வரலாற்று ஆசிரியர் அத்தகைய பதிவுகளைக் கொண்டு ஆயிரம் ஆண்டு வானிலை வரலாற்றை நூலாக எழுதினார். 2019இல் தோமா லாபேயும் அவருடைய குழுவினரும் போன் நகரத்தின் கூலிக் கணக்குகள், நகர மன்றப் பதிவுகள், பிற்காலச் செய்தித்தாள்கள் ஆகியவற்றை ஒன்றுசேர்த்து, 1354 முதல் 2018 வரை நீளும் பட்டியலை வெளியிட்டனர். 664 ஆண்டுகளின் பட்டியல் அது! வசந்தமும் கோடையும் வெப்பமாக இருந்தால் பறிப்பு முந்தும். குளிராக இருந்தால் பிந்தும். பாரிசில் 1659 முதல் கிடைக்கும் வெப்ப அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, இந்தப் பட்டியல் நம்பத்தக்கது என்று உறுதி செய்தார்கள். போர், கொள்ளைநோய் போன்றவற்றாலும் பறிப்பு நாள் மாறக்கூடும். அதனால் ஒரே பதிவை நம்பாமல் பல பதிவுகளை ஒத்துப் பார்ப்பது அறிஞர்களின் வழக்கம்.

இந்த நெடிய வரலாற்றில் சில ஆண்டுகளை மட்டும் புரட்டிப் பார்ப்போம்.

1540ஆம் ஆண்டு நடு ஐரோப்பாவில் கொடிய வறட்சி. ரைன் பேராற்றைச் சில இடங்களில் காலால் நடந்தே கடந்தார்கள். பல ஊர்களில் பழம் கொடியிலேயே வற்றியது. ஆனால் செர்மனியின் வூர்ஸ்பர்க் நகரத்தில் அந்த ஆண்டு பிழிந்த வைன் இணையற்றது என்று பெயரெடுத்தது. அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வைத்தார்கள். 1961இல், அதாவது 421 ஆண்டுகள் கழித்து, இலண்டனில் அதில் ஒரு புட்டியைத் திறந்து சுவை பார்த்தார்கள் என்றால் பாருங்களேன்!

1709 சனவரியில் நேர்மாறாக ஒரு பெருங்குளிர் வந்தது. பிரான்சு முழுவதும் ஆறுகள் உறைந்தன. திராட்சைக் கொடிகளும் ஒலிவ மரங்களும் வேரோடு பட்டுப்போயின. விதைத்த தானியமும் மண்ணுக்குள் செத்தது. அதைத் தொடர்ந்து வந்த பஞ்சமும் நோயும் பல இலட்சம் உயிர்களைப் பலிகொண்டன. மாளிகையில் பதினான்காம் லூயி மன்னர் இருந்தார். தெருவில் ரொட்டி இல்லை.

1811இல் ஒரு பெரிய வால்நட்சத்திரம் வானில் பல மாதங்கள் தெரிந்தது. அந்த ஆண்டின் வைன் சிறப்பாக அமைந்ததால், வால்நட்சத்திரமே காரணம் என்று மக்கள் நம்பினார்கள். உண்மையில் நல்ல வெயிலே காரணம்.

அடுத்து நாம் சொல்லப்போகும் ஆண்டு நமது வட்டாரத்தோடு தொடர்புடையது. 1815 ஏப்ரலில், இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் ஓசை ஆயிரம் மைலுக்கு அப்பால் சுமாத்திராவிலும் கேட்டது. அப்போது சாவகத்தை ஆண்டவர், பின்னாளில் சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய இராஃபில்ஸ். பீரங்கிச் சத்தம் என்று எண்ணி, யோக்யாகர்த்தாவிலிருந்து ஒரு படைப்பிரிவே கிளம்பிற்று. சும்பாவாவிலும் அடுத்த தீவுகளிலும் பல்லாயிரம் மக்கள் மாண்டார்கள்.

எரிமலை கக்கிய கந்தகப் புகை வானத்தின் உயரத்தில் உலகெங்கும் பரவி, சூரிய ஒளியை மறைத்தது. மறு ஆண்டு, 1816இல், ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. ஓயாத மழை, குளிர். திராட்சை அக்டோபர் வரை பழுக்காமல் நின்றது. பறித்த பழமும் புளிப்பு. தானியம் வயலில் அழுகியது. ரொட்டி விலை ஏறியது. பிரான்சிலும் இங்கிலாந்திலும் பசித்தவர்கள் கலகம் செய்தார்கள். சுவிட்சர்லாந்திலும் செர்மனியிலும் பஞ்சம் தலைவிரித்தாடியது. பலர் ஊரை விட்டு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். அவர்களில் எத்தனை பேருக்குச் சும்பாவா என்ற பெயர் தெரிந்திருக்கும்? கீழ்க்கடலில் எழுந்த புகை மேல்நாட்டுக் குடியானவனின் அடுப்பை அணைத்தது.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தரமான ஆண்டு என்றால் அது உழைப்பவருக்கும் நல்ல ஆண்டு என்று நாம் முடிவு கட்டிவிடக்கூடாது. போர்தோ வட்டாரத்தில் 1961ஆம் ஆண்டின் வைன் அந்த நூற்றாண்டின் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று. ஆனால் அந்த வசந்தத்தில் பனியும் குளிரும் பூவை அழித்ததால் விளைச்சல் மிகக் குறைவு. எஞ்சிய குலைகளே கோடை வெயிலில் கனிந்தன. அந்தப் புட்டிகளுக்கு உலகெங்கும் விலை ஏறியது. பறிக்கக் குலை குறைந்தால் பறிப்பவருக்கு வேலை நாளும் குறையத்தானே செய்யும்? அமோகமாக விளைந்தாலோ, விலை சரிந்து சிறு விவசாயி கடனாளி ஆவான். ரப்பர் விலையின் ஏற்ற இறக்கத்தில் வாழ்ந்தவர்களுக்கு இந்த நியாயம் எளிதில் விளங்கும்.

வானத்தை எதிர்த்து மனிதன் என்ன செய்தான்? ஆலங்கட்டி மேகத்தை விரட்ட தேவாலய மணியை அடித்தார்கள். மேகம் போகவில்லை, மணியடித்த சிலர் இடி விழுந்து மாண்டார்கள். பனி இரவுகளில் கொடிகளுக்கு இடையே தீ மூட்டிப் புகை போட்டார்கள். இந்த வழக்கம் இன்றும் உண்டு. 2021 ஏப்ரலில் பிரான்சில் கடும் உறைபனி விழுந்தபோது, இரவெல்லாம் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான விளக்குகள் எரிந்தன. அப்படியும் அந்த ஆண்டின் விளைச்சல் பெரிதும் குறைந்தது.

முடிவாக, போன் நகரத்துப் பட்டியல் நமக்கு என்ன சொல்கிறது? 1354 முதல் 1987 வரை, பறிப்பு சராசரியாகச் செப்டம்பர் 28ஆம் நாள் தொடங்கியது. இடையில் முந்திய ஆண்டும் உண்டு, பிந்திய ஆண்டும் உண்டு. ஆனால் 1988 முதல் 2018 வரை, சராசரியாக 13 நாட்கள் முன்னதாகவே பறிப்புத் தொடங்கிவிட்டது. 2003இல் ஆகஸ்டு மாதத்திலேயே பறித்தார்கள். அந்தக் கோடையின் அனல் ஐரோப்பாவில் பல்லாயிரம் முதியவர்களின் உயிரைக் குடித்தது. முன்பு எப்போதோ ஒருமுறை வந்த வெப்பம் இப்போது வாடிக்கையாகிவிட்டது. கொடி முந்தித் துளிர்ப்பதால், பின்பனியில் மாட்டிக்கொள்ளும் அபாயமும் இருக்கிறது. உலகம் சூடேறுகிறது என்பதற்குத் திராட்சைக் கொடி சொல்லும் சாட்சியம் இது.

அந்தச் சாட்சியத்தை எழுதி வைத்தவர்கள் யார்? மன்னர்கள் அல்லர், அறிஞர்களும் அல்லர். கூடை சுமந்து, குனிந்து நிமிர்ந்து பழம் பறித்த ஆண்களும் பெண்களும் வாங்கிய அன்றாடக் கூலியே அந்த ஏட்டின் எழுத்து. தங்கள் கூலி நாள் ஒரு காலத்தில் உலகத்துக்கே பாடமாகும் என்று அவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

நம் வீட்டுப் பெட்டியிலும் தாத்தாவின் பழைய சம்பளச் சீட்டோ, பாட்டி மழை நாளைக் குறித்து வைத்த நாட்காட்டியோ கிடக்கலாம். குப்பை என்று வீசிவிடாமல், பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வோம். உழைத்தவர் கணக்கும் வரலாறுதான்.