மாக்தா நாக்மன் ஆச்சாரியா

மாக்தா நாக்மன் ஆச்சாரியா (ஜூலை 20, 1889 - பெப்ரவரி 12, 1951) ரஷ்யாவில் பிறந்து இந்தியாவில் மறைந்த ஓவியர். சென்னையில் பிறந்த விடுதலைப் போராளி ம. பா. தி. ஆச்சாரியாவின் மனைவி. யூதத் தந்தைக்கும் கிறித்தவத் தாய்க்கும் பிறந்த இவர், நாட்சி ஆட்சியின் கீழ் இருந்த ஜெர்மனியிலிருந்து கணவருடன் வெளியேறியவர்களுள் ஒருவர்.

இளமை

மாக்தா சென் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தார். தாயின் லூத்தரன் சமயத்தில் திருமுழுக்குப் பெற்றார். சுவந்த்சேவா ஓவியப் பள்ளியில் லியோன் பாக்ஸ்டிடம் பயின்றார். 1913இல் இவர் வரைந்த கவிஞர் மரீனா சுவெத்தாயெவாவின் உருவப்படம் புகழ்பெற்றது.

திருமணமும் பெர்லின் வாழ்வும்

ஆச்சாரியா பாரதியாருடன் "இந்தியா" இதழில் பணியாற்றியவர். 1920இல் தாஷ்கண்டில் இந்தியப் பொதுவுடைமைக் கட்சியை அமைத்தோருள் ஒருவர். மாஸ்கோவில் சந்தித்த இருவரும் மணம் புரிந்து, 1922இல் பெர்லினில் குடியேறினர். அங்கு வாழ்ந்த ரஷ்ய அகதிகளுள் எழுத்தாளர் விளாதிமிர் நபக்கோவின் உருவப்படத்தை மாக்தா 1933இல் வரைந்தார்.

நாட்சி ஆட்சியில்

1933 ஏப்ரலில் வெளியான அரசுப் பணிச் சட்டத்தின்படி, யூதப் பாட்டன் பாட்டிகளுள் ஒருவர் இருந்தாலே ஒருவர் "ஆரியர் அல்லாதவர்" எனக் கருதப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் கலைஞர்களைக் கட்டுப்படுத்தும் பண்பாட்டு மன்றம் நிறுவப்பட்டது. அதில் உறுப்பினராகாதவர் தொழில் செய்ய இயலாது. 1935 நவம்பரில் வெளியான நூரம்பர்க் சட்டத்தின் துணை ஆணை, யூதப் பாட்டன் பாட்டிகள் இருவரைக் கொண்டோரை முதல் படிக் கலப்பினத்தவர் என வகுத்தது. இவர்களுள் யூத சமயச் சமூகத்தில் உறுப்பினராய் இருந்தோரும் யூதரை மணந்தோரும் யூதராகவே கொள்ளப்பட்டனர். திருமுழுக்குப் பெற்றிருப்பதால் மூதாதையர் கணக்கு மாறவில்லை. 1942 ஜனவரியில் வான்சே மாநாட்டில் கலப்பினத்தவரை நாடு கடத்துவது, கருத்தடை செய்வது ஆகியவை விவாதிக்கப்பட்டன, முடிவு எட்டப்படவில்லை. 1944இல் பலர் கட்டாய உழைப்பு முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர்.

"ஆரியர்" என்பது வடமொழிச் சொல்லாயினும், பெர்லினில் வாழ்ந்த இந்தியர்களும் நிறவெறிக்குத் தப்பவில்லை. 1933இல் இதழாளர் ஏ. சி. என். நம்பியார் கைது செய்யப்பட்டார். மாக்தாவுக்குத் தந்தைவழியும், ஆச்சாரியாவுக்கு நிறமும் அரசியலும் ஆபத்தாயின. இருவரும் 1934இல் சுவிட்சர்லாந்து சென்றனர்.

பம்பாயில்

ஆச்சாரியா 1935இலும் மாக்தா 1936இலும் பம்பாய் வந்தடைந்தனர். அங்கு மாக்தா உருவப்படங்களையும் நடனக் கலைஞர்களையும் உழைக்கும் மக்களையும் வரைந்தார். பம்பாய்க் கலைச் சங்கக் கண்காட்சிகளில் பங்கேற்றார். யூத மரபுடைய கலை விமரிசகர் ருடால்ஃப் வான் லெய்டன், யூத மனைவியுடன் வந்த ஓவியர் வால்டர் லாங்காமர் ஆகியோரும் அக்காலத்தில் பம்பாயில் அடைக்கலம் பெற்றனர். இந்திய நவீன ஓவியம் வளர இவ்விருவரும் உதவினர்.

மறைவு

1951 பெப்ரவரி 12 அன்று, தம் ஓவியக் கண்காட்சி தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பு மாக்தா காலமானார். ஆச்சாரியா 1954இல் பம்பாயில் வறுமையில் மறைந்தார். மாக்தாவின் படைப்புகளுள் பல இன்று கிடைக்கவில்லை.