திண்ணைப் பள்ளிக்கூடத்து அடியும் பேரனோட வீட்டுப்பாடமும்

போன மாசம் ஒரு பொழுதிறங்குற நேரம். குச்சிக்கிழங்குக் காட்டுக்குத் தண்ணி கட்டிட்டு வந்து கை கால் கழுவிக்கிட்டிருந்தேன். என் கூட்டாளி ஒருத்தன் மொபட்டுல வந்து இறங்கினான். சட்டைப் பையில இருந்து நாலா மடிச்ச ஒரு காயிதத்தை எடுத்து நீட்டினான்.

"பேரன் பள்ளிக்கூடத்துல குடுத்துவுட்டாங்கடா. மருமவ ஊருக்குப் போயிருக்குது. என்ன போட்டிருக்குதுன்னு படிச்சுச் சொல்லு."

பையன் மூணாவது படிக்கிறான். வருசம் முடியறதுக்குள்ள பிள்ளை என்னென்ன கத்துக்கணும், வகுப்புல எப்படி நடந்துக்கணும், வீட்டுப்பாடத்துக்குத் தினமும் எவ்வளவு நேரம் உட்காரணும், பெத்தவங்க பக்கத்துல இருந்து என்ன செய்யணும்னு வாத்தியாரம்மா வரிசையா எழுதியிருந்தாங்க. நல்ல மாதிரிதான் எழுதியிருந்தாங்க, குத்தம் சொல்ல ஒண்ணும் இல்லை. நான் சத்தமாப் படிச்சேன், அவன் தலையை ஆட்டிக்கிட்டுக் கேட்டான். அவன் போன பின்னாடி எனக்குத் தூக்கம் வரலை. ஏன்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி, இந்தக் காயிதத்துக்கு நம்ம பக்கத்துல எவ்வளவு பழைய வேர் இருக்குன்னு பார்க்கலாம்.

எங்க அப்பாரு, அதாவது அப்பாவோட அப்பா, திண்ணைப் பள்ளிக்கூடத்துல படிச்சவர். அச்சுப் புத்தகத்தைக் கையில குடுத்தா எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆனா கணக்குன்னு வந்தா எங்க யாராலயும் பக்கத்துல நிக்க முடியாது. கிணறு வெட்டுற ஆளுங்களுக்குக் கூலி கணக்குப் போடுறப்ப கண்ணை மூடிக்கிட்டு வீசம், மாகாணி, அரைக்கால், முந்திரின்னு முணுமுணுத்துட்டுச் சரியா ஒரு தொகையைச் சொல்வார். முந்திரின்னா முன்னூத்தி இருபதுல ஒரு பங்கு. காணி எண்பதுல ஒண்ணு, மா இருபதுல ஒண்ணு. இதையெல்லாம் எண்சுவடின்னு ஒரு சுவடியை வெச்சு, பாட்டு மாதிரி திருப்பித் திருப்பிச் சொல்ல வெச்சு மண்டையில ஏத்தி விட்டிருக்காங்க. நெல் அளக்கறதுக்கு ஒரு வாய்ப்பாடு, பொன் நிறுக்கறதுக்கு ஒண்ணு, நிலம் அளக்கற குழிமாற்றுக்கு ஒண்ணு. அந்த வாத்தியார் பிள்ளைகிட்ட எதிர்பார்த்தது இதுதான்: வெளிய போனா சந்தையில ஏமாறக் கூடாது. கூடவே ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி. அர்த்தம் பின்னாடி தானா புரியும்னு விட்டுருவாங்க.

இந்தப் பள்ளிக்கூடங்களைப் பத்தி எழுத்துல பதிவு இருக்குங்க. 1822ல சென்னை மாகாணத்துக்கு கவர்னரா இருந்தவர் தாமஸ் மன்றோ. நம்ம ஊருக்கு இவர் புதுசில்லை. 1792ல இருந்து ஏழு வருசம் போல, ரீட்ங்கிற அதிகாரிக்குக் கீழ பாராமகால், சேலம் சீமையில நிலவரி போட்டுக்கிட்டுத் திரிஞ்சவர்தான். அவர் கவர்னரா வந்ததும், ஒவ்வொரு ஜில்லாவுலயும் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைங்க, என்ன சாதின்னு கணக்கு அனுப்பச் சொல்லி எல்லாக் கலெக்டருக்கும் உத்தரவு போட்டார். அந்தக் கடுதாசியெல்லாம் தூசிக்குள்ள கிடந்ததைத் தேடி எடுத்துத் தரம்பால் 1983ல புத்தகமாப் போட்டார். தமிழ்ல 'அழகிய மரம்'னு வந்திருக்கு.

அதுல சேலம் ஜில்லாவுக்கு 333 பள்ளிக்கூடம்னு இருக்கு. அன்னைக்குச் சேலம்னா இன்னைக்கு இருக்கற நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்தது. நாமக்கல் தனி மாவட்டம் ஆனது 1997ல தானே. அந்த 333ஐ மட்டும் எடுத்துக்கிட்டு, "வெள்ளைக்காரன் வர்றதுக்கு முன்னாடி ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் இருந்துச்சு, எல்லாரும் படிச்சவங்க"ன்னு வாட்ஸ்அப்புல அனுப்புறாங்க. அதே தாள்ல பிள்ளைகளோட எண்ணிக்கையையும் பாருங்க. நாலாயிரத்துச் சொச்சம். ஜனத்தொகை பத்தே முக்கால் லட்சம். எங்க அப்பாரு கணக்குல போட்டா, சுமாரா இருநூத்தம்பது பேருக்கு ஒரு பிள்ளை. மாகாணம் முழுசுக்கும் அறுபத்தேழு பேருக்கு ஒரு பிள்ளைன்னு மன்றோ 1826ல எழுதினார். அதை வெச்சுப் பார்த்தா நம்ம சீமை ரொம்பவே பின்தங்கி இருந்திருக்கு. பொட்டப்பிள்ளைங்களை விரல் விட்டு எண்ணிடலாம். அதுலயும் சேலத்துல 27 முஸ்லிம் பெண் பிள்ளைங்க படிச்சதாப் பதிவு இருக்கறது ஆச்சரியம்தான். இன்னொன்னும் நியாயமாச் சொல்லணும். தமிழ் ஜில்லாக்கள்ல அந்தத் திண்ணைகள்ல உட்கார்ந்தவங்கள்ல பிராமணப் பிள்ளைங்க கொஞ்சம்தான், உழவு, தொழில் பார்க்கற சாதிப் பிள்ளைங்கதான் அதிகம். ஆனா ஊருக்கு வெளிய சேரியில இருந்த பிள்ளை ஊர்த் திண்ணையில ஏறி உட்கார்ந்திருக்குமா? எங்க ஊர்ல என் சின்ன வயசுல இருந்த நிலைமையைப் பார்த்தவன் நான். அதுக்கு நூத்தம்பது வருசம் முன்னாடி எப்படின்னு எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

சரி, ஒழுக்கத்துக்கு வருவோம். பெல்லாரி கலெக்டர் காம்ப்பெல் 1823ல அனுப்பின அறிக்கை மத்ததை விட விவரமானது. காலையில முதல்ல வர்ற பையனுக்கு உள்ளங்கையில சரஸ்வதி பேரை எழுதுவாங்களாம். ரெண்டாவது வர்றவனுக்கு ஒரு சுழி, பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. மூணாவதுக்கு ஒரு அடி, நாலாவதுக்கு ரெண்டு. இப்படி ஏறிக்கிட்டே போகும். கடைசியா வர்றவன் கதியை நினைச்சுப் பாருங்க! நம்ம தமிழ்த் திண்ணையிலயும் இதேதான். முதல்ல வர்றவனுக்கு வேத்தான்னு பேரு. 1855ல பொறந்த உ.வே.சாமிநாதையர் தன்னோட 'என் சரித்திரம்' புத்தகத்துல இந்தப் பள்ளிக்கூடக் கதையெல்லாம் எழுதியிருக்கார். சோம்பேறிப் பையனை மேல கட்டின கயித்துல கையைப் பிடிச்சுத் தொங்க விடறதும் உண்டு. அதுக்குக் கோதண்டம்னு ராமர் வில்லோட பேரு. அப்பாரு அதைத் தொங்கிப் பார்த்தவர். "கீழ குனிஞ்சு பார்த்தா தரை ஒரு பனைமர ஒசரத்துல தெரியும்"னு சொல்லிச் சிரிப்பார். வலியைச் சொல்லும்போது ஏன் சிரிச்சார்னு இன்னைக்கும் எனக்குப் புரியலை.

வீட்டுப்பாடம் அப்பவும் இருந்துச்சு, ஆனா அழகா இருந்துச்சு. சாயங்காலம் அனுப்பும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூப்பேரோ ஊர்ப்பேரோ வாத்தியார் சொல்லி விடுவார். மறுநாள் விடிகாலையில மறக்காமச் சொல்லணும். அவ்வளவுதான். நோட்டு வேண்டாம், விளக்கு வேண்டாம். மாடு மேய்ச்சுக்கிட்டே மனசுல வெச்சுக்கலாம். இதைக் கண்டுபிடிச்ச வாத்தியார் யாரோ தெரியலை, அவருக்கு ஒரு கும்பிடு.

இந்தத் திண்ணையில இருந்து ஒரு சங்கதி கப்பலேறி இங்கிலாந்துக்கே போச்சு. ஆண்ட்ரூ பெல்னு ஒரு பாதிரியார் 1789ல சென்னை எழும்பூர்ல, சிப்பாய்களோட அநாதைப் பிள்ளைங்க விடுதியைப் பார்த்துக்கிட்டார். நம்ம பிள்ளைங்க மணல்ல விரலால எழுதிப் பழகறதைப் பார்த்து அதையே அங்க கொண்டுவந்தார். மூத்த பிள்ளையை வெச்சே சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கற முறையையும் நடத்திக் காட்டினார். நம்ம ஊர்ல சட்டாம்பிள்ளைன்னு சொல்வோமே, அதேதான். 1797ல லண்டன்ல புத்தகமாப் போட்டதும் அங்க 'மெட்ராஸ் முறை'ன்னு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் பரவிடுச்சு. ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்ல மெட்ராஸ் காலேஜ்ங்கிற பேர்ல இன்னைக்கும் ஒரு பள்ளிக்கூடம் நடக்குது.

சட்டாம்பிள்ளை வேலை என்னன்னு எனக்கு நல்லாத் தெரியும். அதுக்கு வர்றேன்.

எங்க அப்பா காலத்துல வேற கூத்து. 1953ல ராஜாஜி முதலமைச்சரா இருந்தப்ப, கிராமத்துத் தொடக்கப் பள்ளியில மூணு மணி நேரம்தான் பாடம், மீதி நேரம் பெத்தவங்க தொழிலைக் கத்துக்கணும்னு ஒரு திட்டம் வந்துச்சு. குலக்கல்வித் திட்டம்னு சொல்லிப் பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்த அதே திட்டம்தான். ராஜாஜியும் நம்ம பழைய சேலம் ஜில்லாக்காரர்தான், தொரப்பள்ளி. சேலத்துல வக்கீலா இருந்து, நகராட்சித் தலைவராவும் இருந்தவர். அப்பாவுக்கு அப்ப எட்டு வயசு. மதியத்துக்கு மேல அப்பாரு தொழில் கத்துக் குடுக்கலை, ஆட்டை ஓட்டிட்டுப் போன்னு கொம்பைக் கையில குடுத்தார். 1954ல காமராஜர் வந்ததும் திட்டத்தை எடுத்தாங்க. அப்பாவுக்கு ஆடு மட்டும் அப்படியே நின்னுக்கிச்சு. அஞ்சாவதோட சரி.

காம்ப்பெல் அறிக்கையில ஒரு இடத்தைப் படிச்சப்ப எனக்குப் பகீர்னுச்சு. கிட்டத்தட்டப் பத்து லட்சம் பேர் இருக்கற ஜில்லாவுல ஏழாயிரம் பிள்ளைங்ககூடப் படிக்கலை, காரணம் ஜனங்க ஏழையாகிட்டாங்க, பிள்ளைங்க கை கால்ல தெம்பு வந்த உடனே வேலைக்கு வேண்டியிருக்குன்னு ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் எழுதியிருக்கார். எங்களூரு நெசவுக்காரங்க பேட்டையில கேட்டாலும் இதே கதையைத்தான் சொல்வாங்க.

இப்ப என் கதை. 1979, நாலாவது படிக்கிறேன். வாத்தியார் எதிர்பார்க்கறது மூணுதான்: வாய்ப்பாடு தலைகீழாச் சொல்லணும், சிலேட்டைக் கோவை இலை போட்டுத் தேய்ச்சுக் கருகருன்னு வெச்சிருக்கணும், குடுத்த பாடத்தைப் பத்துத் தடவை எழுதிட்டு வரணும். நான் அந்த வகுப்புல சட்டாம்பிள்ளை. எழுதாம வந்தவங்க பேரை ஒரு துண்டுச் சீட்டுல எழுதி மேசை மேல வைக்கறது என் வேலை.

என் கூட்டாளி பேரை மூணு நாள் தொடர்ந்து எழுதினேன். அவன் வீட்டுல சீமெண்ணெய் இல்லைன்னு எனக்குத் தெரியும். விடியக்காலம் எருமையை ஓட்டிட்டுப் போறதும் தெரியும், எங்க வீட்டு வழியாத்தானே போவான். வாத்தியார் "ஏன்டா எழுதலை?"ன்னு கேட்டப்ப அவன் வாயைத் திறக்கலை. நானும் திறக்கலை. விரல் முட்டியில அளவுகோல்ல அடி. மூணாம் நாள் அடிச்சதும் பையை எடுத்துக்கிட்டுப் போனவன்தான். அந்த வாத்தியார் கெட்டவர் இல்லைங்க, எத்தனையோ பேரை மேல படிக்க வெச்சவர். அன்னைக்கு அதுதான் முறை. பள்ளிக்கூடத்துல அடிக்கக் கூடாதுன்னு நாடு முழுசுக்கும் கல்வி உரிமைச் சட்டத்துல எழுதினது 2009ல. ஒண்ணாவது, ரெண்டாவது பிள்ளைக்கு வீட்டுப்பாடமே குடுக்கக் கூடாதுன்னு சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது 2018ல.

அவன் அப்புறம் போர்வெல் ரிக் வண்டியில வேலைக்குப் போனான். திருச்செங்கோட்டு வண்டிங்க போகாத ஊரா? மத்தியப்பிரதேசம், ராஜஸ்தான்னு இருபது வருசம் சுத்தினான். இந்தி பேசுவான், தெலுங்கு பேசுவான். எந்த ஊர்ல எத்தனை அடியில பாறைன்னு கேளுங்க, இன்னும் சொல்வான். படிக்கத்தான் வராது.

அன்னைக்குக் காயிதத்தைப் படிச்சு முடிச்சதும், அடியில ஒரு கோடு போட்டு 'பெற்றோர் / பாதுகாவலர் கையொப்பம்'னு இருந்துச்சு. "எங்கடா போடணும்?"னு கேட்டான். விரலை வெச்சுக் காட்டினேன். என் பேனாவை வாங்கி, காயிதத்தைத் திண்ணையில விரிச்சு, ஒவ்வொரு எழுத்தா நிறுத்தி நிறுத்தி எழுதினான். அவன் முட்டி எலும்பு இன்னும் கொஞ்சம் கோணலாத்தான் இருக்கு. மடிச்சுப் பையில வெச்சுட்டு, "வீட்டுப்பாடத்துக்கு அரை மணி நேரம் பக்கத்துல உட்காரணும்னு போட்டிருக்குதே, உட்கார்ந்தாப் போதுமா, ஏதாச்சும் சொல்லியும் குடுக்கணுமா?"ன்னு கேட்டான்.

"உட்கார்ந்தாப் போதும்"னேன்.