பானையும் பஞ்சாலையும்

எங்கள் கரிசல் சீமையின் வறண்ட காற்று ஒருவனுக்கு வாழ்வும் ஒருவனுக்குச் சாவும் கொடுப்பது. கோவில்பட்டியில் தீப்பெட்டித் தொழில் வேர் பிடித்ததற்கு அந்தக் காற்றும் ஒரு காரணம். குச்சி முனையில் தோய்த்த மருந்து சட்டென்று காய்ந்துவிடும். பஞ்சாலைக்கோ அதே காற்று எமன். ஈரப்பதம் குறைந்தால் இழை படீர் படீரென்று அறும். லாயல் மில் 1891லேயே இங்கு வந்துவிட்டது. கையெட்டும் தூரத்தில் பருத்தி விளைகிற ஊர், ஆனால் நூற்பதற்கு வேண்டிய ஈரத்தை மனிதன்தான் உண்டாக்க வேண்டும்.

என் பெரியப்பா ஒரு மில்லில் வேலை பார்த்தார். சோற்றுத் தூக்கோடு வாசலில் நிற்பேன். தலையெல்லாம் பஞ்சு, முதுகோடு ஒட்டிய சட்டை, இந்தக் கோலத்தில் வருவார்.

"உள்ளே மழை பெய்யுதா பெரியப்பா?"

"நம்மூர்ல வருசம் பூரா மழை பெய்யிற எடம் அது ஒண்ணுதாம்லே!"

நீரைப் புகைபோலத் தூவி ஈரப்பதத்தை அறுபது சதவீதத்துக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள். 'ஏர் கண்டிஷனிங்' என்ற சொல்லே பஞ்சாலையில் பிறந்ததுதான். 1906ல் அமெரிக்காவில் ஸ்டூவர்ட் கிராமர் என்ற மில் எஞ்சினீயர் சூட்டிய பெயர். அதற்கு 4 வருஷம் முந்தி காரியர் அமைத்த யந்திரமும் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக் காகிதத்தைக் காப்பாற்றத்தான். மனிதனுக்குக் குளிர்ச்சி பிற்பாடு வந்த உபசாரம்.

இப்போது அந்த உபசாரம் கம்ப்யூட்டருக்கு நடக்கிறது. சென்னையில் அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் உள்ள டேட்டா சென்டர்களுக்குள் போகும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகி வெளியே வருகிறது. கணக்குப் போட 1 யூனிட் செலவானால், குளிரூட்டல் முதலிய உபரிக் காரியங்களுக்கு இன்னும் அரை யூனிட் போல ஆகிறது என்பது உலக சராசரி.

"கடற்காற்றில் பானைத் தண்ணீர்கூடச் சில்லிடாது. உங்கள் ஊரில் பனிக்கட்டி மாதிரி இருக்கிறதே! கயத்தாற்றில் காற்றாலை வேறு. இங்கே கொண்டு வந்தால் என்ன?" என்றார் ஒரு நண்பர்.

யோசனை நல்லதுதான். வறண்ட காற்றில் தண்ணீரை ஆவியாக்கிக் குளிரவைத்தால் மின்சாரம் மிச்சம். ஆனால் 1 லிட்டர் தண்ணீர் ஆவியாகி எடுத்துப் போகும் வெப்பம் முக்கால் யூனிட்கூட இல்லை. 1 மெகாவாட் வெப்பத்தை இப்படியே விரட்ட நாளொன்றுக்குச் சுமார் 36,000 லிட்டர் வேண்டும். தண்ணீரை மூடிய குழாயிலேயே சுற்றவிட்டு மிச்சம் பிடிக்கலாம். அப்போது கம்ப்ரஸர் ஓட வேண்டும், மின்சாரச் செலவு திரும்பி வந்துவிடும்.

நண்பருக்குக் குடக்கணக்கில் சொன்னேன். குடத்துக்கு 15 லிட்டர் என்றால் 2,400 குடம். சீவலப்பேரியில் தாமிரபரணியிலிருந்து எடுத்துக் குழாய் வழியே கொண்டுவந்த தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஊர் இது. பெரியப்பா மில்லுக்குள் நனைந்துகொண்டிருந்த அதே நேரத்தில், பெரியம்மா 2 குடத்தைத் தெருக்குழாயடியில் வரிசையில் போட்டுவிட்டுக் காத்திருப்பாள்.