இணைய முகவரி: அடையாளமும் இருப்பிடமும்

இணையத்தோடு தொடர்புகொண்ட கருவிக்கு உரிய ஐ.பி. முகவரியானது, அந்தக் கருவி இன்னது என்பதையும், அது வலைப்பின்னலில் இன்ன இடத்தில் பொருந்தியிருக்கிறது என்பதையும் ஒரே எண்ணால் உணர்த்துகிறது. ஊர்விட்டு ஊர் குடிபெயர்ந்தவன் தன் பெயரையும் மாற்றிக்கொள்ள வேண்டுமென்று விதித்தால் எத்தகைய சங்கடம் விளையுமோ அத்தகைய சங்கடம் இதனால் விளைகிறது. ஆகவே அடையாளத்துக்கு ஓர் எண்ணும் இருப்பிடத்துக்கு வேறோர் எண்ணும் வேண்டுமென்று வற்புறுத்தும் கொள்கை பலவித ரூபங்களில் வெளிப்பட்டு வந்திருக்கிறது.

1969இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆர்ப்பாநெட்டில், ஒரு கணினியின் முகவரி என்பது அது எந்த இணைப்புப் பொறியின் எந்த வாயிலில் மாட்டப்பட்டிருக்கிறது என்பதேயன்றி வேறில்லை. அறையை அடைத்துக்கொண்டு நின்ற அக்காலத்துக் கணினிகளுக்கு அதுவே போதுமானதாகத் தோன்றியது. ஆயினும், 1972இல் ஓக்லஹோமாவிலுள்ள டிங்கர் விமானப்படைத் தளத்தினர், ஒன்று பழுதுற்றால் மற்றொன்று உதவுமென்று இரண்டு இணைப்புகளை விரும்பியபோதே குறை தெரிந்துவிட்டது என்று, அவ்வலைப்பின்னலின் ஆரம்பகால வல்லுநர்களுள் ஒருவரான ஜான் டே எழுதியிருக்கிறார்: இரண்டு வாயில்களில் மாட்டிய ஒரே கணினியை வலைப்பின்னல் இரண்டு கணினிகளாகவே கண்டது.

பெயர், முகவரி, வழி என்னும் மூன்றும் வெவ்வேறானவை என்பதை ஜான் ஷாக் 1978இல் தெளிவுபடுத்தினார். ஆனால் 1981இல் நிலைபெற்ற 32 பிட் ஐ.பி. முகவரி பழைய வழக்கத்தையே தழுவியது. மறு ஆண்டில் ஜெரோம் சால்ட்ஸர், சேவை, கணினி, அது வலையில் பொருந்தும் இடம், அவ்விடத்துக்குச் செல்லும் மார்க்கம் ஆகிய நான்கையும் தனித்தனியே பெயரிட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றை அறியும் பிணைப்புகளையும் வகுத்துக் காட்டினார்; இத்துறையின் பிற்கால விவாதங்களுக்கெல்லாம் ஆதாரமாக நிற்பது அக்கட்டுரையே. இவ்விஷயத்தில் ஐ.பி.யை மட்டும் குறைகூறுவது நியாயமன்று. அதன்மேல் இயங்கும் டி.சி.பி., இரு முனைகளின் ஐ.பி. முகவரிகளையும் போர்ட் எண்களையும் கொண்டே ஒரு தொடர்பை இனங்காண்பதால், முகவரி மாறிய மாத்திரத்தில் தொடர்பு அறுந்துவிடுகிறது. இருப்பிடத்தை அடையாளமாகப் பாவித்த பெரும்பிழை அங்கேதான் வேரூன்றியது.

கையில் எடுத்துச் செல்லும் கணினிகள் பெருகவே, 1996இல் மொபைல் ஐ.பி. என்னும் உபாயம் வகுக்கப்பட்டது. பிரயாணம் செய்யும் கருவிக்கு வரும் பொதிகளை அதன் சொந்த வலையிலுள்ள முகவர் ஏற்று, தற்காலிக முகவரிக்கு அனுப்பிவைக்கும் ஏற்பாடு அது. அது நோயைத் தணித்ததேயன்றி அதன் மூலத்தை நீக்கவில்லை. அதே காலத்தில் மைக் ஓ'டெல், புதிய ஐ.பி.வி.6இன் 128 பிட்களைச் சரிபாதியாகப் பிளந்து, ஒரு பாதி இருப்பிடத்தையும் மறுபாதி அடையாளத்தையும் குறிக்கட்டும் என்று பிரேரித்தார். யோசனை ஏற்கப்படவில்லை.

அடையாளத்தை எண்ணினின்றும் விடுவித்துச் சாவியோடு பிணைத்தவர் ராபர்ட் மாஸ்கோவிட்ஸ். 1999 முதல் அவர் உருவாக்கிய ஹிப் நெறிமுறையில், கருவியின் அடையாளம் மறைக்குறியீட்டியலின் பொதுச்சாவியே ஆகும். அதிலிருந்து கணித முறையில் பெறப்படும் 128 பிட் சுருக்கம் ஐ.பி.வி.6 முகவரியின் அளவை ஒத்திருப்பதால், பழைய மென்பொருள்களும் வேற்றுமை உணராமல் அதைக் கையாளக்கூடும். இடம் மாறிய கருவி, தன் அந்தரங்கச் சாவியால் ஒப்பமிட்ட செய்தி ஒன்றால் புதிய இருப்பிடத்தை மறுமுனைக்கு அறிவிக்கிறது. பிறர் அவ்வடையாளத்தைத் திருடிப் பயன்படுத்தவும் இயலாது. 2008இல் சோதனை நிலை ஆவணமாக வெளிவந்த இம்முறை, கருவிகள் யாவும் மாறவேண்டிய நிர்ப்பந்தத்தால் பரவலாகவில்லை. தத்துவ அழகில் இதற்கு நிகரானது இத்துறையில் இல்லை.

2006 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்களைக் கவலைக்குள்ளாக்கியதோ வேறொரு பிரச்னை. இரண்டு மூன்று சேவையாளர்களோடு இணைய விரும்பும் நிறுவனங்கள் தமக்கெனத் தனி முகவரித் தொகுதிகளை வைத்துக்கொள்ள, அவற்றையெல்லாம் மையத்து ரவுட்டர்கள் தம் அட்டவணையில் சுமக்க நேர்ந்தது. அதன் விளைவாக எழுந்த லிஸ்ப் நெறிமுறை, கருவிகளைத் தொடாமல் விளிம்பு ரவுட்டர்களைக்கொண்டே பிரிவினையைச் சாதிக்க முயன்றது: அடையாள எண்ணுக்குரிய இருப்பிடத்தை ஒரு பதிவகத்தில் விசாரித்தறிந்து, பொதியை மற்றொரு பொதிக்குள் இட்டு அனுப்புவது அதன் முறை. இம்முறைக்கு இத்தகைய விசாரணையும் அதற்காகும் தாமதமும் விலையாகின்றன.

இதற்கிடையே நிரந்தர அடையாளத்தின் அபாயமும் புலப்பட்டது. வன்பொருளின் மாறா எண்ணை ஐ.பி.வி.6 முகவரியின் பின்பாதியில் பொறித்தபோது, ஒருவர் எங்கு சென்றாலும் அவரைப் பின்தொடர்வது எளிதாயிற்று. 2001இலேயே அவ்வப்போது மாறும் எண்களை ஆக்குவதற்கு விதி வகுக்க வேண்டியதாயிற்று. இந்த அனுபவத்தின் பயனை 2021இல் தரமாக வெளியிடப்பட்ட க்விக் நெறிமுறையில் காணலாம். வைஃபையிலிருந்து அலைபேசி வலைக்கு மாறினாலும் தொடர்பு அறாதபடி, முகவரியைச் சாராத தனி எண்ணால் அது தொடர்பை அறிகிறது. அவ்வெண் கருவிக்கு உரியதன்று, அந்தத் தொடர்புக்கே உரியது. பாதை மாறும்போது, முன்னமே மறைவாகப் பரிமாறிக்கொண்ட வேறோர் எண்ணையே இரு முனைகளும் பயன்படுத்துகின்றன. ஆதலின் இடையில் நின்று பார்ப்பவர், பழைய பாதையில் கண்ட எண்ணைக்கொண்டு புதிய பாதையில் அத்தொடர்பை இனங்காண இயலாது.